காரோடு வந்த அத்தை

என் அப்பா ஒரு வேலையை மெதுவாகச் செய்து நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலத்தில்தான். மற்ற நாட்களில் அவர் சோறு தின்பதுகூட அவசரமாகத்தான் இருக்கும். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அவருக்கு லைனில் வேலை. தலைக்கு மேலே தொங்கியபடி ஊர்ந்து வரும் ஒவ்வொரு காருக்கும், இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்கை வைத்து போல்ட் முறுக்க வேண்டும். ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த கார் வந்துவிடும். அந்த வேகம் வீட்டுக்கு வந்தாலும் அவர் கையை விட்டு இறங்காது. எனக்கு யூனிபார்ம் பட்டன் போடும்போதுகூட ஏதோ முறுக்குவதுபோலத்தான் போடுவார்.

அத்தை வந்தது அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில். அப்பாவின் தங்கை. மறைமலை நகரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கித் தந்த பழைய காரை அவளே தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் திரும்பும்போதே தடதடவென்று சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்ற பிறகும் மொத்த வண்டியும் குளிர்சுரம் கண்டதுபோல் உதறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வரவில்லையா என்பதுதான் தாத்தா கேட்ட முதல் கேள்வி. அத்தை காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி ரொம்ப ஒதறுது. அண்ணன் பாக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றாள்.

அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் எகிறிக் குதித்தது. ரப்பரெல்லாம் கிழிந்துவிட்டது, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எல்லா மவுண்டிங்கையும் மாற்ற வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் தாத்தாவின் முகம் தெளிந்தது. வண்டியில் உண்மையாகவே கோளாறு இருந்தது அவருக்கு அவ்வளவு நிம்மதி. கார் ரிப்பேருக்காக மகள் வந்திருக்கிறாள், சரியானதும் கிளம்பிவிடுவாள் என்று தெருவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அத்தையின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். ஸ்டியரிங் உதறியதில் சுளுக்கிக்கொண்டது என்றாள். அன்றிலிருந்து அந்தக் கிழிந்த ரப்பர்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் வந்துவிட்டது.

வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட் ஒன்று உண்டு. காரை அதற்குள் ஏற்றினார்கள். அப்பாவுக்கு அப்போது செகண்ட் ஷிப்ட். காலை முழுவதும் வீட்டில் இருப்பார். இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் தாங்கிவிட்டு, கோணியை விரித்துக் கீழே படுத்தார். கம்பெனி பஸ் வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று தெருவில் ஆளாளுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கார் சரியானதும் என்னைக் கூட்டிப்போவதாக அத்தை சொல்லியிருந்தாள்.

கார் சரியாகவில்லை. அப்பா ஒரு நாள் ஒரு போல்ட்டைக் கழற்றுவார். அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவி, கழற்றிய இடத்திலேயே திரும்பப் போடுவார். மறுநாள், இந்த மாடலுக்கு ரப்பர் கிடைக்கவில்லை என்பார். பிறகு கிடைத்தது, அளவு தப்பு என்பார். பிறகு ஜாக்கியில் எண்ணெய் ஒழுகுகிறது என்பார். நான் ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும்.

அத்தையும் என்னைப் போலத்தான் இருந்தாள். பெருக்கிய இடத்தையே பெருக்குவாள். மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். தெருமுனையில் எந்தக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தாலும் ஜன்னலுக்குப் போய்விட்டு வருவாள். அவளும் ஏரிக்குப் போகத்தான் தவிக்கிறாள் என்று நினைத்தேன்.

மாமா, அதாவது அத்தையின் கணவர், தினமும் தாத்தாவுக்குத்தான் போன் செய்வார். வண்டி ரெடியா என்று கேட்பார். தாத்தா அந்தக் கேள்வியை ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவார். காருக்கு அடியிலிருந்து, இன்னும் இல்லை என்று பதில் வரும். தாத்தா பக்கத்தில் இருந்தால் அம்மாவும் சேர்ந்துகொள்வாள். ஒரு ரப்பரை மாற்ற இத்தனை நாளா, இவருக்கெல்லாம் கம்பெனியில் எப்படித்தான் சம்பளம் கொடுக்கிறார்களோ என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். தாத்தா அந்தப் பக்கம் போனதும் பெரிய டம்ளரில் டீயைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் அப்பாவின் தலைமாட்டில் வைப்பாள். அம்மாவுக்குக் கோபம் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அப்பாவிடமே கேட்டுவிட்டேன், கம்பெனியில் இதே வேலையை எப்படி அவ்வளவு வேகமாகச் செய்கிறாய் என்று.

"அங்க வண்டி மேல தொங்குது, நான் கீழ நிக்கிறேன் பாப்பா. இங்க வண்டி கீழ கீது, நான் அதுக்கும் கீழ கெடக்கறேன்."

சரியான பதிலாகத்தான் தோன்றியது. கோபம் மட்டும் தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவே வந்துவிட்டார். பைக்கின் பின்னால் ஒரு மெக்கானிக். எனக்கு ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட். மாமா எப்போதும் சிரித்த முகம். எனக்கு அவரைப் பிடிக்கும். தாத்தா எழுந்து நின்று வாங்க மாப்ள, வாங்க மாப்ள என்று வரவேற்றார்.

"மச்சான் எதுக்குக் கஷ்டப்படணும்? ஆளையும் கூட்டியாந்துட்டேன், ரப்பரும் வாங்கியாந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சி, அவளையும் கூட்டிக்கினு கெளம்பிடறோம்" என்றார் மாமா.

நான் கைதட்டிக்கொண்டு உள்ளே ஓடி, வண்டி இன்றைக்கே ரெடி என்று அத்தையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் ஓர் இடத்தில் அசையாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

வெளியே மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்து பானெட்டில் கை வைத்திருந்தார். அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இன்ஜின் ஜாக்கி மேல நிக்குது. யாரும் வண்டியத் தொடக்கூடாது."

மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார். மாமா சிரித்தார், மெக்கானிக்கைக் காட்டி, இவனுக்குத் தினமும் இதுதான் வேலை என்றார். தொடக்கூடாது என்று அப்பா மறுபடியும் சொன்னார். வெளியே வரவே இல்லை. கோணிக்கு வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னாலும் முடியவில்லை, செய்கிறவனையும் விடமாட்டேன் என்கிறாயே என்று அந்தப் பாதங்களைப் பார்த்துக் கத்தினார்.

அப்போதுதான் அத்தை வந்தாள். கையில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி ரெடியானாலும் நான் வரமாட்டேன்" என்றாள்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. தாத்தாவிடம் திரும்பி, ஒரு சின்னப் பேச்சை இவள் எவ்வளவு பெரிதாக்குகிறாள் பாருங்கள் என்று சிரித்தபடியே சொன்னார். அத்தையும் தாத்தாவைத்தான் பார்த்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு வலது கையை நீட்டினாள். வீக்கம் வடிந்த பிறகும் மணிக்கட்டு எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, இது ஸ்டியரிங் ஒதறினதுல ஆனது இல்ல."

பிறகு எதில் ஆனது, கியர் இடித்திருக்குமோ என்று நான் யோசித்தேன். தாத்தா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு படியிறங்கி நனைந்துகொண்டே போய்க் கேட்டைத் திறந்து பிடித்தார்.

"நீ கெளம்புப்பா."

மாப்ள என்ற வார்த்தை அதில் இல்லை. மாமா உரக்க ஏதேதோ பேசினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். தாத்தா கேட்டைப் பிடித்தபடியே நின்றார். மெக்கானிக் முதலில் போய் பைக்கில் உட்கார்ந்தார். பைக் தெரு திரும்பியதும் அத்தை தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. கோர்ட்டுக்கு நடந்து விவகாரம் முடிய வருடங்கள் ஆயின. அதற்குள் ஒரகடத்திலேயே கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்த கதை. அன்றைக்கு நான் பார்த்தது வேறு.

அப்பா காருக்கு அடியிலிருந்து வந்து கையை நீட்டினார். அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தாள். உள்ளே புத்தம் புது மவுண்டிங்குகள். காகிதத்தின்மேல் தூசு படிந்திருந்தது. அவை எப்போது வந்தன என்று தாத்தா கேட்கவில்லை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஷெட் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினார். பழையது வெளியே வந்து விழுந்தது. புதியது உள்ளே போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. அம்மா சோறு வடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் திகைத்துப்போய், இத்தனை நாள் முடியாதது இன்றைக்கு எப்படி முடிந்தது என்று கேட்டேன். அப்பா கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்குத்தான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு பாப்பா."

நான் ஷெட்டைவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அடுத்த மழைக்காக வானம் கன்னங்கரேலென்று இருட்டிக்கொண்டு நின்றது. அப்பாவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு வந்துவிட்டது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அன்று முழுவதும் தவித்துக்கொண்டிருந்தேன்.