ராஜப்ரியாவுக்கு எண்பத்தொன்று

மூக்குக்கண்ணாடியில் படிந்த பனியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே ராஜப்ரியா கணினியைத் திட்டுகிறார். உடனே திருத்திக்கொள்கிறார். "இத ஏனுங்க திட்டோணும்? இதுக்குச் சொல்லிக் குடுத்த ஆளயல்ல திட்டோணும்!"

குன்னூரில் குடியிருக்கும் அவர் புள்ளியியல் படித்தவர். ஒருமுறை வழக்கில் சிக்கியவர் மறுபடி தப்பு செய்வாரா என்று மதிப்பெண் போடும் கணினி முறையைக் காவல் துறைக்காகச் சரிபார்ப்பது அவருடைய ஒப்பந்த வேலை. அந்த முறையை உருவாக்கியவர்கள் மலையேறிப் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் ராஜப்ரியாவின் பல்லுக்குப் பேனா மூடி தப்பாது. ஆளை எண்ணால் குறிப்பிட்டால் பொறுக்க மாட்டார். "நூத்திப் பன்னெண்டா? அவருக்குப் பேரு பாலனுங்க!"

அந்தப் பாலன்தான் இவர் தூக்கத்தைக் கெடுத்தவர். இளவயதில் செம்புக் கம்பி திருடி, தண்டனையும் அனுபவித்துவிட்டு, இப்போது தேயிலைக்கு மருந்தடித்துப் பிழைக்கிறார். எஸ்டேட் மாறினால், அங்கே தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீடும் மாறும். இங்கே பிழைப்பு அப்படி. கணினிக்கோ, அடிக்கடி விலாசம் மாறுகிறவன் ஆபத்தானவன். மதிப்பெண் ஏறியது. எங்கே எது தொலைந்தாலும் போலீஸார் பாலனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதையும் கணினியில் பதிந்தார்கள். அதனால் இன்னும் ஏறியது. என்ன அக்கிரமம் இது! இன்னொரு முறை போலீஸ் வந்தால் வேலை கிடையாது என்று மேனேஜரும் சொல்லிவிட்டார்.

ராஜப்ரியா இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார். "மெஷினுக்கு யாரு மேலயும் கோவமில்லீங்க மேடம்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ராஜப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தன் விவரங்களையே கணினிக்குக் கொடுத்தார். கல்லூரி நாளில் பஸ் கேட்டு மறியல் செய்ததற்கு ஒரு வழக்கு. கல்யாணத்துக்குப் பிறகு மாறி மாறிக் குடிபோன வாடகை வீடுகள். பாலனுக்கு மதிப்பெண் எழுபத்துநான்கு. இவருக்கு எண்பத்தொன்று.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் மறுபடியும் பாலன். யாருடைய லாரியிலோ பேட்டரியைக் காணோமாம். மருந்தடிக்கும் உடுப்போடு, சுவரோர பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ராஜப்ரியாவைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம்."

ராஜப்ரியா தன் மதிப்பெண் தாளை மேசைமேல் வைத்தார். "இவரக் கூப்புட்டீங்க, என்னைய விட்டுட்டீங்களேங்க? இவரவிட எனக்குத்தான மார்க் ஜாஸ்தி!"

நாற்காலியைத் தாண்டிப் போய், பாலனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.