வெங்காயக் காய்ச்சல்

இன்னும் அதே பேச்சுதான் பேசிகினு கீறானுங்க. இந்த மாசியில மறுபடியும் ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமா கீது இல்ல, ஒடனே வேலப்பன்சாவடி கள்ளுக்கடை வாசல்ல பழைய பஞ்சாயத்தத் தோண்டி எடுத்துட்டானுங்க. ஜெர்மன் சண்டை முடியற வருசம் வந்துச்சே விசக்காய்ச்சல், அது ஒரே காய்ச்சலா ரெண்டு காய்ச்சலா? ஆனியில வந்ததுதான் ஐப்பசியில திரும்பி வந்துச்சா, இல்ல அது வேற இது வேறயா? நேத்து சுள்ளிக்கட்டத் தூக்கிகினு அந்தப் பக்கமா வந்தேன். தாட்சாயிணி மவன் சம்பத்து, மீச இப்பதான் அரும்புது, தொண்ட கிழியக் கத்திகினு நிக்கிறான். எங்க தெருவுல கெங்கம்மானு ஒரு பொம்பள இருந்துச்சாம், அதுக்கு ரெண்டு தபா காய்ச்சல் வந்துச்சாம், ரெண்டாந்தபா செத்தே பூடுச்சாம், அதனால ரெண்டும் வேற வேறதானாம்.

எனக்கு வந்த கோவத்துக்கு சுள்ளிக்கட்ட அவன் தலமேலயே போட்டிருப்பேன். கெங்கம்மானு ஒரு பொம்பளயாம். அவ எங்க அண்ணன் வேம்புலியோட பொண்டாட்டி, எனக்கு அண்ணி. ரங்கூனுக்குப் போன என் புருசன் திரும்பி வரல, அதனால நான் அண்ணன் ஊட்டோட இருந்தவ. ஒரே அடுப்பாண்ட அவளும் நானும் நின்னுகினு சண்ட போட்டிருக்கோம். அவளப் பத்திப் பேச எனக்கில்லாத உரிமை இவனுங்களுக்கு இன்னா கீது?

கெங்கம்மா ஆளு குள்ளம், சிரிப்பு மட்டும் பெருசு. மீன் கொழம்புல புளியக் கொட்டிக் கெடுப்பா. கேட்டா, புளிச்சாதான் களி எறங்கும்பா. களை எடுக்கறப்போ அவ பாட ஆரம்பிச்சான்னா பக்கத்து வயல் கொக்கெல்லாம் எழுந்து பூடும். சாமிகிட்ட அவ நகை கேக்கல, பொடவ கேக்கல. பகல்ல ஒரு நாளு படுக்கணும், அவ்ளோதான் கேட்டா. பொறந்ததுலேர்ந்து பகல்ல படுத்ததில்லியாம். அம்மா ஊட்ல தம்பி தங்கச்சிங்கள இடுப்புல சொமந்தா, இங்க வந்து ஜம்புலிங்கம் நெலத்துல குனிஞ்சா. புள்ள பொறந்து செத்தப்போகூட தீட்டு கழியறதுக்குள்ள வயலுக்குப் பூட்டா. கூர ஓட்டையில வெயிலு உள்ள எறங்குமே, அத்தப் படுத்துகினே பாக்கணும் ராஜம்மான்னு என்கிட்ட சொல்லுவா. நான் சிரிப்பேன். எங்க தெருவுல இப்படி ஒரு ஆசைய வேற யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

அந்த ஆனியில பூந்தமல்லி கண்டோன்மெண்டுல சோல்ஜருங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சி. அங்க தண்ணி எறைக்கப் போயிகினு இருந்த கன்னியப்பன் எங்க தெருக்காரன். மொதல்ல அவன் படுத்தான், அப்பால தெருவுல பாதிப் பேரு படுத்தாங்க. ஒடம்பு வலி, தலவலி, மூணு நாள்ல எழுந்து உக்காந்து கூழு கேட்டாங்க. யாரும் சாவல. அதனால யாரும் அத்தப் பெருசா எடுத்துக்கல. நெலத்துக்காரரு ஜம்புலிங்கம் மட்டும் பயந்துகினு, காய்ச்சல் கண்டவங்க வயலுல கால் வெக்கக் கூடாதுன்னுட்டாரு.

கெங்கம்மாவுக்கு அது போதாதா? மறுநாள் காலையில முக்கிகினு மொனகிகினு படுத்துட்டா. அக்குள்ள கைய வெச்சிப் பாத்த எங்க அண்ணன், கொதிக்குதுன்னு கைய இஸ்துகினான். தெருக்கோடி வரைக்கும் அவ மொனகல்தான். நான் வேர்வ தொடைக்கப் போனேன். அக்குள்ளேர்ந்து பச்ச வெங்காய வாசன மூக்கத் தொளைக்குது. வெங்காயத்த நசுக்கி அக்குள்ள வெச்சிகினா ஒடம்பு சுடும்னு எங்கியோ கேட்டு வெச்சிருக்கா. நான் மொறைச்சேன். அவ ஒரு கண்ணத் தொறந்து மேல கூரையக் காட்டுனா. ஓட்டை வழியா வெயிலு எறங்கிகினு இருந்துச்சி. கம்முனு போடின்னா. நானும் கம்முனு வெளிய வந்து, வாயப் பொத்திகினு சிரிச்சேன்.

அந்த மூணு நாளும் அவ பங்குக் களைய எடுத்தது பக்கத்து ஊட்டு பொன்னியம்மா. தன் பங்க முடிச்சிட்டு, நிமுராம கெங்கம்மா பங்கையும் எடுத்தா. சாயங்காலம் இடுப்பப் புடிச்சிகினு வந்து, ஒடம்பு எப்படி கீது கெங்கான்னு வாசல்லியே நின்னு கேட்டுட்டுப் போவா.

ஐப்பசி மழையோட காய்ச்சல் திரும்பி வந்துச்சி. இந்த தபா அதோட போக்கே வேற. காலையில நின்னு பேசிகினு இருந்தவன் மறுநாளு இல்ல. மூக்குல ரத்தம் வரும், உதடு நீலம் பாரிக்கும். கெழங்கட்டைங்கள வுட்டுட்டு வாட்டசாட்டமான ஆளுங்களா பாத்து இஸ்துகினு போச்சி. மாங்காட்டுல பொணம் தூக்க ஆளில்லன்னாங்க, ஆவடியாண்ட ரயிலு நிக்காமப் போவுதுன்னாங்க, எது நெசம் எது பொய்யின்னு எவனுக்குத் தெரியும். ரயிலுதான் கொண்டாந்துச்சின்னு ஒருத்தன், காத்துல வருதுன்னு ஒருத்தன், கெணத்துத் தண்ணியிலன்னு ஒருத்தன். கோயிலாண்ட வேப்பமரத்தடியில பொழுதுக்கும் இதே பேச்சு, தூரம் தூரமா நின்னுகினு கத்துவானுங்க. காய்ச்சல் கண்ட ஊட்டுக்குள்ள கால் வெக்க மட்டும் ஒருத்தனும் இல்ல. உள்ள கெடக்கறவங்க தண்ணி தண்ணின்னு கேக்கறது தெருவுக்கே கேட்டுச்சி.

கன்னியப்பன்தான் ஒரு வழி சொன்னான். நல்லவன்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். அம்மை போட்டவங்கள யாரு பாத்துக்கறா, முன்னாடியே அம்மை போட்டு எழுந்தவங்கதான? ஆத்தா ஒரு தபா எறங்குன ஒடம்புல மறுபடியும் ஏற மாட்டா. இதுவும் அப்படித்தான்னான். ஆனியில வந்த காய்ச்சலேதான் இது, அப்போ எளசா இருந்துச்சி, இப்போ முத்திப் போயி வந்துகீது, அவ்ளோதான். அதனால ஆனியில படுத்து எழுந்தவங்க பயப்படாம உள்ள போயி கஞ்சி ஊத்தலாம்னான். எல்லாரும் தலையாட்டுனாங்க. ஆனியில யார் யாரு படுத்தாங்கன்னு பாத்தா, எல்லாரு வாயிலயும் மொதல்ல வந்த பேரு கெங்கம்மாதான். அவ மொனகுன மொனகல யாரு மறப்பா?

அவள உள்ள இஸ்துகினு போயி, சொல்லிடு அண்ணி, வெங்காயம்னு சொல்லிடு, திட்டுனா திட்டிகினு போறானுங்க, ஜம்புலிங்கம் வேலைய வுட்டு நிறுத்துனா நிறுத்தட்டும்னு கெஞ்சுனேன். அவ பானையக் கழுவிகினே கேட்டா. அப்பால நிமுந்து பாத்தா.

"மொதல்ல யாரு ஊட்டுக்குப் போணும்னு கேட்டியா? பொன்னியம்மா ஊட்டுக்கு. என் களைய அவ குனிஞ்சி எடுக்கறப்போ நான் வெயிலப் பாத்துகினு படுத்திருந்தேன். இப்போ போயி, அது வெங்காயம், அதனால நான் வரலன்னு அவகிட்ட சொல்லட்டா?"

கஞ்சியத் தூக்கிகினு போயிட்டா.

பொன்னியம்மா பொழைக்கல. கெங்கம்மா மடியிலதான் உசுரு போச்சி. கெங்கம்மா வெளிய வந்து கெணத்தாண்ட தண்ணிய ஊத்திகினு, ஒரு வாய் கூழுகூட குடிக்காம அடுத்த ஊட்டுக்குப் போனா. அதுக்கப்புறம் அவ நிக்கவே இல்ல. அவ தைரியத்தப் பாத்து, ஆனியில நெசமாவே படுத்து எழுந்த சொர்ணமும் நாகம்மாவும் பானையத் தூக்குனாங்க. தெனம் பொழுது சாஞ்சா கெங்கம்மா ஊட்டு வாசல்ல வந்து நிப்பா, உள்ள வர மாட்டா. தொட்டுப் பாரு ராஜம்மா, சுடுதான்னு கேப்பா. நான் தொடுவேன். சில்லுனு இருக்கும். அந்த ஒரு நொடிக்காக நான் பகலெல்லாம் உள்ளயும் வெளியயும் நடந்துகினு இருப்பேன், ஒரு வேல ஓடாது.

அப்பதான் சொர்ணம் படுத்தா. அவ புருசன் தசரதன் வேப்பமரத்தடியில வந்து எகிறுனான். ஆனியில வந்தவளுக்கே மறுபடியும் வந்துகீதே, அப்போ இது வேற புதுக் காய்ச்சல், கன்னியப்பன் சொல்றத நம்பி எவளும் உள்ள போவாதீங்கன்னான். கன்னியப்பன் வுடல. சொர்ணத்துக்கு வந்தது மழையில நனைஞ்ச சளி, இல்லன்னா கெங்கம்மாவுக்கு ஏன் வரல, அவ போவாத ஊடு எதுன்னு கேட்டான். எத்தக் கேட்டாலும் கெங்கம்மாவப் பாருன்னு ஆயிடுச்சி. இந்தப் பேச்சு காதுல வுழுந்தாலே அவ தலைய குனிஞ்சிகினு வேகமா நடப்பா.

மறுநாளே மண்ணூர்பேட்டையில கட்டிக் குடுத்த சொர்ணம் பொண்ணு தாட்சாயிணி, அம்மாவப் பாக்க ஓடியாந்துட்டா. வாயும் வயிறுமா கீறா, மூச்சு வாங்குது. தசரதன் வாசல்ல குறுக்க நின்னுகினு உள்ள வுடல. வவுத்துப்புள்ளக்காரிங்கள இந்தக் காய்ச்சல் வுடறதே இல்லன்னு அவனுக்குத் தெரியும், அடுத்த தெருவுல பாத்தவன். அவ அழுவறா. எனக்கும் ஆனியில வந்து போச்சி நைனா, கெங்கம்மாக்கா போயிகினு வரலியா, எனக்கு மட்டும் இன்னா ஆவும்னு கேக்கறா. கூட்டம் சேந்துடுச்சி. பெத்தவள பொண்ணு பாக்காம வேற யாரு பாப்பா, வழிய வுடு, கெங்கம்மாவப் பாருன்னு எல்லாரும் தசரதனத் திட்டறாங்க. அவ அவன் கையத் தள்ளிட்டு வாசப்படியில ஒரு காலு வெச்சிட்டா.

கெங்கம்மா அப்பதான் எதிர் ஊட்லேர்ந்து வெறும் பானையோட வெளிய வந்தா. நின்னு கேட்டா. பானையக் கீழ வெச்சா.

"எனக்கு ஆனியில காய்ச்சலே வரல. அக்குள்ள வெங்காயம் வெச்சிகினு படுத்திருந்தேன். என்னப் பாத்து எவளும் உள்ள போவாதீங்க."

மொதல்ல ஒருத்தனும் நம்பல. பொண்ணக் காப்பாத்த அவ பொய் சொல்றான்னானுங்க. எங்க அண்ணன் வேற, நான் தொட்டுப் பாத்தேனே, கொதிச்சிதேன்னு ரோசமா சாட்சி சொல்றான். நான் நடுவுல பூந்து, வெங்காய வாசனய மோந்தவ நானுதான்னு சத்தியம் பண்ணேன். அப்பால நம்புனானுங்க. நம்புனதும் திட்டுனானுங்க. பொன்னியம்மா புருசன் அவள நிமுந்து பாத்துட்டு, மொகத்தத் திருப்பிகினு நடந்துட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கல, மொகமே செத்துப் போச்சி.

கன்னியப்பன் கிட்ட வந்தான். "இத்த என் காதுல மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா கெங்கம்மா? இனிமே எவ உள்ள போவா?" அவன் கேட்டதும் நாயம்தான். அவன் சொல்லி வாய மூடல, நாகம்மா தன் பானைய அங்கியே வெச்சிட்டு ஊட்டப் பாத்து நடந்தா.

தாட்சாயிணி வாசப்படியிலேர்ந்து கால எடுத்துகினா. அப்போ எங்கம்மாவ யாருக்கா பாத்துக்கறதுன்னு கேட்டா. கெங்கம்மா தன் பானைய ஒரு கையிலயும் நாகம்மா பானைய ஒரு கையிலயும் எடுத்துகினு, நகுருன்னு சொல்லி உள்ள போனா. நான் ஓடிப் போயி கையப் புடிச்சேன். அதான் சொல்லிட்டியே, இனிமே உன்ன யாரும் போவச் சொல்லலியே, இன்னாத்துக்கு நீ போறேன்னு கத்துனேன். கஞ்சி ஆறுது வுடுன்னா.

சொர்ணம் பொழச்சிகினா. தாட்சாயிணி எங்க அடுப்புல கஞ்சி காச்சிக் குடுத்துகினு வெளியவே இருந்தா. சொர்ணம் எழுந்து உக்காந்த அன்னிக்கு சாயங்காலம், கெங்கம்மா வழக்கம் போல வாசல்ல வந்து நின்னா. தொட்டுப் பாரு ராஜம்மான்னா. தொட்டேன். கொதிச்சிது, கைய எடுக்க எனக்கு மனசு வரல. வெங்காய வாசன ஏதாவது வருமான்னு மோந்து மோந்து பாத்தேன், தெய்வமே, வந்துடணுமேன்னு இருந்துச்சி. வரல.

அவ படுத்த சேதி தெரிஞ்சதும் எங்க ஊட்டு வாசல்ல கூடிட்டானுங்க. அவளப் பாக்க வந்தானுங்கன்னா நெனைக்கிறீங்க? தசரதன் சொல்றான், பாத்தியா, ஆனியில ஒண்ணு, இப்போ ஒண்ணு, ரெண்டு தபா வந்துகீது, இது புதுசுதான். வெங்காயம்னு அவ சொன்னது என் பொண்ணுக்காவ சொன்ன பொய்யின்றான். கன்னியப்பன் சொல்றான், வெங்காயம் நெசம், இதுதான் அவளுக்கு மொத தபா, அதனால பழைய காய்ச்சலேதான்றான். மொதல்ல நம்பாதவனெல்லாம் இப்போ நம்பறான், மொதல்ல நம்புனவன் இப்போ நம்பல. ஒரு வாய் தண்ணி குடிச்சாளான்னு ஒருத்தன் கேக்கல. தாட்சாயிணி மட்டும் கஞ்சிய வெச்சிகினு வாசல்ல அழுதுகினு நின்னா, உள்ள வந்தேன்னா கால ஒடைப்பேன்னு நான் சொல்லி வெச்சிருந்தேன்.

ரெண்டாம் நாளு மழ வுட்டுச்சி. பகல் நேரம். கூர ஓட்டையில வெயிலு எறங்கி அவ காலாண்ட வுழுந்துச்சி. அவ அத்தயே பாத்துகினு இருந்தா. வெளிய அவனுங்க சத்தம் தாங்கல.

"ராஜம்மா, அவனுங்கள அந்தாண்ட போயி பேசச் சொல்லேன். வெயிலு வந்துகீது பாரு. கொஞ்ச நேரம் படுக்கறேன்."

தொடப்பத்த எடுத்துகினு கெணத்தடி வரைக்கும் தொரத்திட்டு வந்தேன். நான் வர்றதுக்குள்ள அவ பூட்டா. வெயிலு இன்னும் அங்கியேதான் இருந்துச்சி. அவளப் பொதைச்சிட்டுத் திரும்பறப்போகூட வழியெல்லாம் ஒரே காய்ச்சலா ரெண்டு காய்ச்சலான்னு பேசிகினுதான் வந்தானுங்க.

அன்னிக்கு தாட்சாயிணி வவுத்துல இருந்தவன்தான் இந்த சம்பத்து. நேத்து அவன் சட்டையப் புடிச்சி மரத்தடிக்கு இட்டுகினு போயி, இத்தினியும் சொன்னேன். நல்லாத்தான் கேட்டான், கண்ணுகூட கலங்குச்சி. எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, "அப்போ அதுக்கு ஒரே தபாதான் வந்துச்சா அத்தே? அப்போ கன்னியப்பன் சொன்னதுதான் சரி"ன்னு சொல்லிட்டு, திரும்பக் கள்ளுக்கடையப் பாத்து ஓடறான்.

இன்னிக்கு நான் வேலைக்குப் போவல. யாருனா வந்து கேட்டா, ராஜம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க.