வடக்கு முனையில் நின்றவர்

நீங்கள் நம்பமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் என்னைக் கட்டிய மனிசன்தான் முதல் ஆள், ஆகவே நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் இடையில் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள். பேய், பிசாசு, முனி என்று யாராவது கதை தொடங்கினால் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிறவள் நான். மன்னாரில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறினால் மனம் கேட்காது, அது வேறு. ஆனால் ஒழுங்கையில் வெள்ளைச் சேலை ஒன்று நடந்து போனது என்று எவராவது சொன்னால் "காய்ச்சல் ஏதும் இருக்கோ?" என்றுதான் கேட்பேன். படித்ததும் நிலத்தடி நீர் பற்றி. மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மீட்டர் சொல்லவேண்டும், மனிதர்களின் வாய் சொல்லக்கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சண்டை நடந்த காலம். ஊருக்குப் போகமுடியாமல் புத்தளத்தில் தங்கி, தண்ணீர் வளத்தை ஆராயும் ஒரு சின்னத் திட்டத்தில் வேலை செய்தேன். கற்பிட்டிப் பக்கம் நீளமாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிற மணல் நிலம், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் கடல்நீர் ஏறி நிற்கிற களப்பு, இரண்டும் உப்பு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும். அந்த நல்ல தண்ணீர்ப் படை எங்கே தடிப்பாக இருக்கிறது என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

நாங்கள் மூன்று பேர். நான், தில்லையடியிலிருந்து வந்த சித்தீக் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்), உடப்பிலிருந்து வந்த இராசன். ஒரு பழைய வான், அதை ஓட்டுவதும் இராசன்தான். காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்படுவோம். நுரைச்சோலைப் பக்கம் அப்போது இன்றைக்கிருக்கிற மின்நிலையத்தின் புகைக்குழாயும் இல்லை ஒன்றும் இல்லை, வெங்காயப் பாத்தி, புகையிலை, மிளகாய், அப்புறம் மணல், மணல், மணல். எந்தக் கிணற்றில் மாதிரி எடுத்தாலும் அந்தத் தண்ணீரிலேயே இராசன் பால் இல்லாத ஒரு பிளேன்ரீ போடவேண்டும், அது எங்கள் சட்டம். தண்ணீர் கூடாது என்றால் தேத்தண்ணி கறுத்துவிடும். "இது குடிக்க ஏலாது அக்கா, மைக்கூட்டில தோய்ச்ச மாதிரி கறுத்துப் போச்சு" என்பான். நானா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மணலில் துப்புவார். சோதனைச் சாலை முடிவு வருவதற்கு முன்பே எங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். அந்த நாட்களைப் போல நான் பிறகு ஒருபோதும் சிரித்ததில்லை, ஊரை நினைத்து அழுததும் அந்த நாட்களில்தான்.

வேலை எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். மீட்டரோடும் பட்டரியோடும் நான் நடுவில் இருப்பேன். என்னிடமிருந்து வடக்கே ஒரு வயர், தெற்கே ஒரு வயர். இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஆள், இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மணலில் அடித்து இறக்கி வயரைக் கொளுவவேண்டும். நான் சுவிட்சை அழுத்தினால் ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு மண்ணுக்கு அடியால் கரண்ட் போகும். உப்புத் தண்ணீர் என்றால் தடையில்லாமல் ஓடும், மீட்டர் கீழே விழும். நல்ல தண்ணீர் என்றால் தடுக்கும், மீட்டர் மேலே நிற்கும். பிறகு கம்பிகளைப் பிடுங்கி, அளந்து வைத்த அடுத்த அடையாளத்தில் இன்னும் தள்ளி நட்டால் இன்னும் ஆழம் தெரியும், ஒவ்வொரு தடவை நடுவதும் எங்களுக்கு ஒரு குத்து. கம்பி மண்ணில் இறங்காவிட்டால் மீட்டர் அசையவே அசையாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போகும்போது கம்பியில் கை பட்டால் தூக்கி அடிக்கும். அதனால் கம்பியை இறக்கி, விலகி நின்று, குரல் கொடுத்த பிறகுதான் நான் சுவிட்சைத் தொடுவேன். இராசன் வெறுமனே "ஓம்!" என்பான். நானா மட்டும் மரியாதையாக "எடுங்க மிஸ்!" என்பார். மணல் மேடும் பற்றையும் மறைப்பதால் ஆளைக் காணமுடியாது, குரல்தான்.

கடற்கரையோரமாக ஓர் அகதி முகாம் இருந்தது. ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் மன்னாரிலிருந்து விரட்டியதால் வள்ளங்களில் வந்து இறங்கிய முஸ்லிம் சனங்கள், என்னுடைய ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். வந்த புதிதில் அவர்களுக்கு ஒரு கிணறு கிடைத்தது, தண்ணீரும் நல்லது. கோடையில் தண்ணீர் குறைந்ததும் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கி இன்னும் ஆழமாக வெட்டிவிட்டார்கள். எங்கள் பெருநிலப்பரப்பில் அப்படித்தான், குறைந்தால் தோண்டுவோம், தோண்டினால் ஊறும். இங்கே தோண்டியதும் அடியிலிருந்த உப்பு மேலே ஏறி, கிணறு பாழாய்ப் போனது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன், நான் படிக்காமல் அங்கே இருந்திருந்தால் நானும் மண்வெட்டியைத் தூக்கியிருப்பேன்.

சுலைஹா என்று ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. என் பேச்சைக் கேட்டதுமே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். "மிஸ், நீங்க எங்கட பக்கமெல்லோ! கதையிலயே தெரியுது." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், எங்கள் ஆட்கள் அவர்களுக்குச் செய்ததை நினைத்து எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பால்மா கரைச்சா திரையுது மிஸ். புள்ள குடிச்சதெல்லாம் சத்தி எடுக்குது. எப்பிடியாவது ஒரு கிணத்துக்கு இடம் பார்த்துத் தாங்க." குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டி வாரத்தில் ஒருநாள் வந்தால் அதிர்ஷ்டம்.

கிணறு வெட்டித் தருகிற நிறுவனம் மறுநாள் காலையில் ஆட்களோடு வரும். நாங்கள் இடம் காட்டினால் வெட்டுவார்கள், காட்டாவிட்டால் வேறு முகாமுக்குப் போய்விடுவார்கள், இந்தச் சனங்களை எங்கோ உள்ளே காட்டுப் பக்கம் ஏற்றுவது என்றும் பேச்சு இருந்தது. அந்தக் கரையில் வேலை செய்ய எங்களுக்குக் கிடைத்த அனுமதியும் அன்று பொழுது சாய்வதோடு சரி. காலையிலிருந்து பார்த்த இடமெல்லாம் உப்பு. மிஞ்சியது ஒரேயோர் இடம்.

பின்னேரம் அங்கே வயரை விரித்தோம், நானா வடக்கு முனையில், இராசன் தெற்கு முனையில். முதல் குத்து, இரண்டாவது குத்து, மீட்டர் நன்றாக நின்றது. முகாமின் ஓலைப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மூன்றாவது குத்துக்குக் கொஞ்சம் தாமதம், பிறகு வடக்கிலிருந்து "எடுங்க மிஸ்!" எடுத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. மற்ற இடங்களிலெல்லாம் இந்தத் தூரத்தில் மீட்டர் தொப்பென்று விழுந்திருந்தது, இங்கே விழவில்லை. நான் மாதாவைக் கூப்பிட்டபடி அழுத்துகிறேன். வடக்கு முனையிலிருந்து குரல் ஒழுங்காக வருகிறது, உண்மையைச் சொன்னால் நானா வழக்கமாகச் சுணங்குகிற ஆள், அன்று சுணக்கமே இல்லை. வேகமாக நடக்கிறாரே, சனங்களின் நிலைமை அவரையும் உலுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரம். ஓர் அளவு எடுத்துவிட்டு, சுவிட்சை விட்டுவிட்டு, "மாத்துங்கோ!" என்று கத்தினேன். சுவிட்ச் உப்புக்காற்றில் இறுகி, நான் கையை எடுத்த பிறகும் அழுந்தியபடியே நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வடக்கிலிருந்து "ஆ!" என்று ஓர் அலறல். பட்டரி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழும்பி நின்று கத்தினேன்.

"நானா! நானா! கரண்ட் அடிச்சிட்டுதா? நான் வாறன், நில்லுங்கோ!"

ஓடப் போகிறேன், அப்போது குரல் வந்தது. களைத்துப்போன குரல், ஆனால் கோபம் இல்லை.

"பரவால்ல மிஸ். நீங்க எடுங்க."

தெற்கே இராசன் எப்போதும் போல நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்ததால் தப்பினான். நான் சுவிட்சைத் தட்டிச் சரிசெய்து, பட்டரி வயரைத் திரும்பக் கொளுவி, மிச்ச அளவுகளையும் எடுத்தேன். கடைசிக் குத்தில்தான் மீட்டர் விழுந்தது. அப்படியென்றால் கீழே நல்ல தண்ணீர்ப் படை தாராளமாகத் தடிப்பு. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "முடிஞ்சுது நானா, சுருட்டுங்கோ!" என்று கத்தினேன்.

வடக்கு வயர் அசையவில்லை.

இராசன் தன் வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். இருவருமாக வயரைப் பிடித்துக்கொண்டே வடக்கே நடந்தோம். கடைசி அடையாளத்தில், சரியாக நிற்கவேண்டிய இடத்தில், கம்பி கழுத்துவரை இறங்கி நிற்கிறது. வயர் கொளுவியிருக்கிறது. ஆள் இல்லை. சுத்தியலும் இல்லை.

"சுத்தியல கொண்டுட்டு எங்கக்கா போனாரு?" என்றான் இராசன், குரல் இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஓர் ஆளைக் காணவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றைக்குள்ளெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தோம். அவருடைய மனிசிக்கு நான் என்ன சொல்வேன்? முகாமில் ஆள் சேர்த்துக்கொண்டு தேடுவோம் என்று வானை எடுத்துக்கொண்டு போனால், சித்தீக் நானா சுலைஹா குடியிருந்த கொட்டிலுக்கு முன்னால் ஒரு பெட்டியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார், சுத்தியல் மடியில்! என்னைக் கண்டதும் எரிந்துவிழுந்தார்.

"நல்ல ஆக்கள் நீங்க! என்னப் புடிச்சிட்டுப் போயி, அவங்கட முகாமில இரிக்க வெச்சி, வெயில்ல காய வெச்சி, ஒரு ஆளாவது தேடி வந்தீங்களா?"

"ஆர் பிடிச்சது? எப்ப?"

"கடக்கரையால ரோந்து வந்த நேவிக்காரங்க. 'மே வயர் மொகட்டத'ன்னு சிங்களத்துல கேக்கிறான், வயர் என்னத்துக்குன்னு. தண்ணி பாக்கன்னு சென்னா நம்புறானா? கத்தினா சுடுவேன்னான். சுத்தியலையும் எடுத்திட்டான். அவங்கட பெரியவர் வந்து அனுமதிக் கடதாசியப் பாத்துத்தான் சுத்தியலத் தந்து விட்டாரு."

"எந்தக் குத்தில நானா?"

"மூணாவது. கம்பிய அடிச்சிட்டு உங்களுக்குக் குரல் குடுக்க வாயத் தொறந்தன், பின்னால கையப் போட்டாங்க. அஸர் பாங்கு அப்பதான் சொல்லி முடிஞ்சிச்சி."

நான் அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "உங்களுக்குக் கரண்ட் அடிக்கேல்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் அங்க இல்லயே மிஸ்."

நடந்ததைச் சொன்னேன். இராசன் "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாளைக்கு அந்தப் பக்கம் தன்னைக் கூப்பிடவேண்டாம் என்றான். தெற்கு முனைக்கு வடக்குக் குரல் எட்டாது, ஆகவே அந்தக் குரலைக் கேட்டது நான் ஒருத்திதான். என் காது பிழை என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மீட்டருக்குக் காது இல்லையே? மூன்றாவது குத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு தடவை அந்தக் கம்பி பிடுங்கி நடப்பட்டிருக்கிறது, சுத்தியல் இல்லாமல், அடையாளம் கொஞ்சமும் தவறாமல்.

இப்போது சொல்லுங்கள், காலையில் கிணறு வெட்ட வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வது? அந்த அளவுகளை நம்பி இடத்தைக் காட்டி, உப்பு வந்துவிட்டால் சனங்கள் முடிந்தார்கள். நம்பாமல் விட்டாலும் முடிந்தார்கள். அன்றிரவு முகாமிலேயே தங்கி, லாம்பு வெளிச்சத்தில் அளவுப் புள்ளிகளைக் கோடாகக் கீறிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட விலகவில்லை. ஆளில்லாத முனையிலிருந்து இவ்வளவு சுத்தமான கோடு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பக்கத்துக் கொட்டிலில் சுலைஹாவின் குழந்தை சத்தி எடுத்துவிட்டு அழுகிறது. "நல்ல ஜின்னும் இரிக்கி மிஸ்" என்றார் நானா. நான் அவரைப் பேசவேண்டாம் என்று ஏசினேன். விடிந்ததும் போய் அந்த இடத்தில் தடி நட்டேன். "அகலமாக வெட்டுங்கோ, ஆழம் போகவேண்டாம்" என்று மாத்திரம் கெஞ்சிச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் கண்டுவிட்டது. கலங்கல் தெளிந்ததும் முதல் வாளியில் சுலைஹா பால்மா கரைத்தாள், சுற்றி நின்றவர்கள் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றோம். திரையவில்லை. குழந்தை குடித்தது, குடித்துவிட்டுத் தூங்கியது. சுலைஹா எனக்கு முத்தம் கொடுத்தாள், நானா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார், இராசன் பிளேன்ரீ போட்டான், அப்படி ஒரு நிறத்தில் நாங்கள் அதுவரை தேத்தண்ணி கண்டதில்லை.

முகாம் இப்போது ஒரு சின்ன ஊர். நான் சிலாபத்தில் இருக்கிறேன், பஸ் ஏறினால் போய்ச் சேரலாம், இடையிடையே போவேன். சுற்றிவரக் கிணறுகள் உப்பாகிவிட்டன, இது இன்னும் இல்லை, ஏன் என்று விஞ்ஞானப்படி ஏதோ சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். சுலைஹா செம்பில் தண்ணீர் மொண்டு தருவாள். குடித்துவிட்டு வடக்குப் பக்கம் பார்ப்பேன். பேயோ ஜின்னோ மனிதரோ, அது எனக்கு இன்றைக்கும் பிரச்சினையில்லை. ஆனால் அந்த அலறல் நிஜமாக வலித்த அலறல், எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு வலித்த பிறகும் நான் பயப்படக்கூடாது என்று "பரவால்ல மிஸ்" என்று சொன்னது யாராக இருந்தாலும், அவருக்கு எங்கே அடிபட்டது, பிறகு ஆறியதா என்று கேட்க எனக்கு ஓர் இடமில்லை.