விரல் படாத காடு

ரங்கூனில் குண்டு விழுந்த சேதி அருப்புக்கோட்டைக்கு வந்த அன்று எங்கள் வாசகசாலையில் சிரிப்புத்தான் கேட்டது. "ஜப்பான்காரன் என்னத்தக் கிழிச்சிருவான்? வெள்ளைக்காரன் கப்பல் ஒண்ணு போனாப் போதும், ஓடிருவான்" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார். பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அக்காவின் புருஷன் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலையாக இருந்தார்.

பகலில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சாயங்காலத்திலும் லீவு நாளிலும் வாசகசாலைக்குப் பொறுப்பு. மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் கப்பலேறிப் போனவர்கள். லீவில் வருகிறவர்கள் வாசகசாலைக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ரங்கூன் தமிழ்ப் பத்திரிகைகள், பினாங்குக் காலண்டர், கப்பல் கம்பெனி அட்டவணை என்று ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. அதில் ராஜா மாதிரி ஒரு பெரிய அட்லஸ். எவனாவது எச்சில் தொட்டுப் புரட்டினால் கையைத் தட்டிவிடுவேன். கோபம் எனக்கு அப்போதெல்லாம் மூக்கு நுனியில்தான். "வாத்தியாரே, அதுக்கு ஒரு தொட்டில் கட்டித் தாலாட்டுமய்யா" என்று கேலி பேசுவார்கள்.

மாசியோடு ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பத்திரிகைகள் நின்றன. மணியார்டர் நின்றது. பிறகு சித்திரை வெயிலில், விருதுநகரிலிருந்து வரும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாதி வழி நடந்தே வந்தவர்கள். சொந்தத் தாயே அடையாளம் கண்டுபிடிக்கத் திணறினாள்.

அவர்களை வாசகசாலைக்குக் கூப்பிட்டு, அட்லஸை விரித்து, வந்த வழியைக் காட்டச் சொல்வேன். ஊர், ஆறு, தண்ணீர் கிடைத்த இடம் எல்லாவற்றையும் பென்சிலால் குறிப்பேன். அதற்கு ஆராய்ச்சி என்று நானே பெரிய பேர் வைத்துக்கொண்டேன். என்ன ஆராய்ச்சி! மச்சான் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனி பிறந்ததும் அக்காவின் மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். "ஆடி முடியட்டும். அதுக்குள்ள உசுரோட பாத்தேன்னு ஒருத்தன் வந்து சொன்னாச் சரி. இல்லன்னா காரியத்தச் செஞ்சிர வேண்டியதுதான்." காரியம் நடந்தால் அக்கா தாலியறுக்க வேண்டும். அவள் அன்றிலிருந்து திருச்சுழியில் புகுந்த வீட்டிலிருந்து பஸ்ஸைப் பிடித்து வாசகசாலைக்கே வரத் தொடங்கினாள். பெண்கள் உள்ளே வந்து உட்காரும் வழக்கம் அங்கே கிடையாது. பெரிய மனுஷர் ஒருவர் செருமினார். "சளி இருந்தா வெளிய போய்த் துப்பிட்டு வாங்க" என்றேன். அதற்குப் பிறகு யாரும் செருமவில்லை.

அக்கா எதிரில் உட்கார்ந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. வழி காட்டுகிறவர் விரல் ரங்கூனிலிருந்து புரோம் வரை தாளோடு ஊர்ந்து வரும். புரோமில் ஐராவதி ஆற்றைக் கடக்கும். கடந்ததும் விரல் எழும்பிவிடும். மலைக்காட்டுக்கு மேலாகவே போய் அந்தப் பக்கக் கடற்கரையில்தான் இறங்கும். வீரசோழன் ஊர் வியாபாரி அப்படித்தான் காட்டினார். திருச்சுழிப் பக்கத்துக் கொத்தனாரும் அப்படித்தான் காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. "நடுவுல என்னண்ணே?" என்றால் "காடுதான்" என்பார்கள். ஒருவர் அதைச் சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

"தம்பி, எல்லாரும் அந்த எடத்துல மட்டும் ஏன் கையத் தூக்கிர்றாக?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை விரிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி நடுவில் பந்தல்குடிக்காரர் ஒருவர் வந்தார். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆற்றைக் கடந்ததும் அவருடைய விரலும் எழும்பியது. அக்கா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் காட்டின் மேல் வைத்து அழுத்தினாள். அந்நிய ஆம்பளையின் கை!

"இந்த எடத்தச் சொல்லுங்கண்ணே. சொல்லாம நான் விடமாட்டேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "சொட்டுத் தண்ணி கெடையாதும்மா. பாதையோரம் பூரா ஆளுக உக்காந்திருந்தாக. உக்காந்தவுக எந்திரிச்சதே இல்ல. நின்னு பேசுனா நாமளும் உக்காந்துருவோம். அதனால எவன் கூப்பிட்டாலும் மொகத்தப் பாக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டோம். மொகத்த நான் பாக்கலம்மா. காலுகள மட்டுந்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முகத்தையே பார்க்காதவர் என்ன சாட்சி சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அக்கா கையை விடவில்லை. "அவுகளுக்கு வலது கால்ல ஆறு வெரலு" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அட்லஸின் தாளும் கூடவே கசங்கியது. என் பிராணன் போய்விட்டது. அக்கா அழவில்லை.

"கூப்பிட்டாகளா?"

அவர், "திருச்சுழிப் பக்கம் யாராச்சும் உண்டான்னு கேட்டாரும்மா. போறவுக வாறவுக எல்லாத்துக்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்... நாங் குனிஞ்ச தல நிமிரல" என்றார்.

அக்கா அவர் கையை விட்டுவிட்டு எழுந்தாள். ஆடி முடியும்வரை காத்திருக்க இனி ஒன்றும் இல்லை. நான் அட்லஸை மூடக்கூட இல்லை, அவள் பின்னாலேயே ஓடினேன். பஸ் புறப்படத் தயாராக நின்றது. கிளீனர் படியில் தொங்கிக்கொண்டு, வழக்கம்போலத் தொண்டை கிழியக் கூவினான்.

"திருச்சுழி! திருச்சுழி யாராச்சும் உண்டா?"

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு, செத்த வீட்டில்கூட நான் கேட்டிராத குரலில், "இருக்கேன்யா! இந்தா வாரேன்! இருக்கேன்யா!" என்று கத்தினாள்.