அபேனா அன்ரி வரையாமல் விட்ட முகம்

அபேனா அன்ரி இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நித்திரையிலேயே...

எனக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய மகன் கோஃபி முகநூலில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரியும்.

இது என் சொந்தப் பெயரில் உள்ள கணக்கு இல்லை. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன், ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு. அப்பா இன்னும் ஹோலில் இருக்கிறார், இருமுவது கேட்கிறது.

அன்ரி கானாவிலிருந்து வந்த ஓவியர். ஹரிஸ் பார்க்கில் ஒரு ஸ்வீட் கடைக்குப் பின்னால் இருந்த கராஜ்தான் அவருடைய ஸ்டூடியோ.

அவருடைய படத்தைத் தூரத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆள் உடுத்தியிருக்கும் துணியின் டிசைன் உடம்போடு நிற்காது, சுவர் முழுக்கப் பரவிப் போகும். நடுவில் ஒரு கறுத்த முகம், நேரே நம்மைப் பார்த்தபடி.

கறுப்பு என்றேன், ஆனால் அவர் கறுப்பு பெயின்ற் வாங்குவதே இல்லை. "உன் முகத்தில் கறுப்பு எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்" என்று கேட்டார். கண்ணுக்குக் கீழே நீலம், காதோரம் சிவப்பு, தாடையில் கொஞ்சம் பச்சை என்று தூரிகைக் காம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வீட்டில் அம்மா, "வெயிலுக்கை திரியாதை, இன்னும் கறுத்துப் போவாய்" என்பார். என் முகத்தில் பச்சை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சனிக்கிழமை ரியூஷன் பன்னிரண்டு மணிக்கு முடியும். வீட்டில் இரண்டு மணி என்று சொல்லியிருந்தேன், அந்த இடைவெளியில்தான் அன்ரி என்னை வரைந்தார்...

படத்துக்கு உட்காருபவர்கள் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவர வேண்டும், அதுதான் அவருடைய வழக்கம். நான் அம்மாவின் கூறைச் சேலையைக் கணிதப் புத்தகங்களுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுபோனேன். கப்பலில் வந்தபோது அம்மா பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த ஒரே சேலை அது.

"எங்கள் ஊரில் ஒவ்வொரு டிசைனுக்கும் பெயர் உண்டு. இதன் பெயர் என்ன?" என்று கேட்டார். தெரியாது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

ஃபோனின் முன் கமெராவைப் பார்த்து உடுத்தியதால், முந்தானையை வலது தோளில் போட்டுவிட்டேன். மூன்றாவது சனிதான் கவனித்தேன். அதற்குள் அவர் அந்தத் தோளை வரைந்து முடித்திருந்தார்.

"அன்ரி, பிழையாகிவிட்டது."

"ஆறு பிள்ளைகளின் தாய் போலப் பெருமூச்சு விடாதே. நீ இப்படித்தானே வந்தாய்? இப்படியே இருக்கட்டும்."

துணி முடிந்தது. கைகள் முடிந்தன. முகத்தை எப்போதும் கடைசியாகத்தான் வரைவார்.

அப்போதுதான் நான் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். நாங்கள் இங்கே வந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்பா வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்தவர், எங்களுக்கு இன்னும் நிரந்தர விசா இல்லை. ஒருமுறை யாரோ முகநூலில் போட்ட கலியாணப் படத்தில் அப்பாவும் நின்றார். மன்னாரில் பெரியப்பா வீட்டுக்கு இரண்டு பேர் அந்தப் படத்தோடு வந்து, இவன் இப்போது எங்கே என்று விசாரித்தார்கள்.

"எங்கட முகம் ஒரு இடத்திலையும் வரக்கூடாது, விளங்கிச்சோ?"

"ஓம் அப்பா."

பள்ளிக்கூட வகுப்புப் படத்தில்கூட நான் இல்லை.

அன்ரி தூரிகையைக் கழுவி வைத்தார். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் ஓம் என்றால்தான் முகம்."

நான் ஒவ்வொரு சனியும், "அடுத்த கிழமை வாறாராம்" என்றேன். வேலை என்றேன், காய்ச்சல் என்றேன். உண்மையில் அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தை ஸ்டாண்டிலிருந்து இறக்கவில்லை. மற்றப் படங்களை மேசையில் வைத்தே வரைந்தார்.

வெளிக்கிடும்போது நான் "போட்டு வாறன்" என்பேன். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தேன். "அப்படியென்றால் அப்பாவோடு வா" என்பார், ஒவ்வொரு முறையும்...

கோஃபி ஒரு படத்தையும் போட்டிருந்தார். சனிக்கிழமை சவ அடக்கத்துக்குப் பிறகு ஒரு மண்டபத்தில் அன்ரியின் எல்லாப் படங்களையும் மாட்டப் போகிறார்களாம். ஸ்டாண்டில் இருந்த கடைசிப் படம் இது, இந்தப் பிள்ளை யார் என்று யாருக்காவது தெரியுமா, கீழே பெயர் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அது சுற்றிச் சுற்றி அம்மாவின் வட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. இன்று இரவுச் சாப்பாட்டின்போது...

"இஞ்சை பாருங்கோ, என்ர கூறை மாதிரியே கிடக்கு."

"உன்ர கூறை என்ன உலகத்திலை ஒண்டே?" என்றபடி அப்பா ஃபோனை வாங்கினார்.

"முந்தானையைப் பாருங்கோ, வலப்பக்கம்! தாய் இல்லாத பிள்ளை போல, பாவம்."

அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முகத்தைக் காணேல்லை" என்றார். பிறகு, "நல்லதுதான், ஆரெண்டு தெரியாது" என்றார்.

நான் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா இன்னும் கூறைப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கக்கூடும்.

கோஃபியின் பதிவுக்குக் கீழே யாரோ 'அன்னோன் கேர்ள்', பெயர் தெரியாத பெண், என்று போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பதினொரு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே மூன்று முறை எழுதி அழித்தேன். நாலாவது முறை அழிக்கவில்லை. என் பெயரை மட்டும்தான் எழுதினேன்.

ஜெனிற்றா.

அப்பா ஹோல் லைற்றை அணைத்துவிட்டார்...

அன்ரி, போட்டு வாறன்.