அசாபெயாவின் பெயரை விழுங்கிய பெட்டி

மாம்போங்கில் கூலிக்கு ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஓட்டும் லார்பிக்கு, எதையும் தானே ஒருமுறை கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. வீட்டு மின்விசிறியைப் பிரித்து மாட்டியபோது கை நிறையத் திருகுகள் மிஞ்சின. தயாரித்தவன் தேவையில்லாமல் சேர்த்துவிட்டான் என்று கூசாமல் சொன்னான்.

மனைவி அசாபெயாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட காலத்தில், அவள் தெருப் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கைப்பேச்சு கற்றுக்கொண்டவன் அவன். மகள் ஒஃபோரிவாவுக்குக் காது கேட்கும். ஆனாலும் அவள் வாயால் பேசுமுன்பே கையால் பேசிய பிள்ளை. காது கேளாதவர்கள் வழக்கப்படி எல்லோருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. கன்னத்தில் குழி விழும் அசாபெயாவுக்கு மகளே ஒரு பெயர் வைத்தாள்: கன்னத்தில் விரல்களைக் குவித்துவைத்து, பட்டென்று விரிப்பது. அப்படி மகள் கூப்பிடுவதைப் பார்ப்பதுதான் அசாபெயாவின் பெரிய சந்தோஷம்.

மகள் இப்போது கனடாவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அசாபெயா லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச காலமாகத் திரையில் மகளின் கைகள் விட்டுவிட்டுத் தெரிந்தன.

"என் பேரையே முழுங்கிடுது இந்தப் பொட்டி," என்று கையால் புலம்பினாள். "விரலை விரிக்கிறதுக்குள்ள நின்னுடுது. ஊரையே ரிப்பேர் பண்றவனாச்சே நீ, இதைச் சரிபண்ணேன்!"

லார்பி மகளிடமே கேட்டான். "உங்க பொட்டி ரொம்பப் பழசுப்பா, அதான் திணறுது," என்றாள் அவள்.

தலைநகர் அக்ராவில் பழைய லேப்டாப்புகளை உடைத்து விற்பவனிடம் வேகமான புராசஸர் சில்லு ஒன்று கிடைத்தது. "மாஸ்டர், உங்க போர்டு இதை ஏத்துக்கும். ஆனா அடியில இருக்கிற ஊசிக்கால் வளைஞ்சுதுன்னா எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்றான் அவன்.

சனிக்கிழமை பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று ஊரெல்லாம் புழுதியை வாரி இறைத்தது. லார்பி ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி உட்கார்ந்தான். பேட்டரியை எடுத்தான். திருகுகளைச் சாப்பாட்டுத் தட்டில் போட்டான். கீபோர்டைத் தூக்கி, சூடு கடத்தும் தகட்டைக் கழற்றி, காய்ந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்தான். பூட்டைத் திருப்பியதும் பழைய சில்லு கையோடு வந்தது. புதியதன் மூலைக்குறியைப் பொருத்தி, அழுத்தாமல் உட்காரவைத்துப் பூட்டி, புதுப் பசை தடவித் தகட்டை மாட்டினான். டார்ச்சும் தட்டுமாக அசாபெயாவின் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டதால், அவள் புருவத்தாலேயே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டி உயிர்பெற்றது. ஒரு நடனப் படத்தைப் போட்டுப் பார்த்தான். துளிகூடத் தடங்கல் இல்லை. அசாபெயா அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் மகள் திரையில் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டுவது சீராகத் தெரிந்தது. அவள் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். கை நடுங்கியது. குவிந்த விரல்கள் பாதி விரிந்து நின்றுவிட்டன. பின்னால் பனி நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

"உங்க பொட்டி இன்னும் திணறுதுப்பா," என்றாள்.

"நேத்துதாம்மா புராசஸர மாத்தினேன்." லார்பி திரையை விரலால் தொட்டுக் காட்டினான். "உன் பின்னாடி பனி விழுறதுகூடத் தெளிவாத் தெரியுது."

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேசைக்கடியில் இறக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அது வாயைப் பொத்திக்கொள்வதற்குச் சமம்.

"எப்பத்திலிருந்து கை இப்படி?" என்று வாயால் கேட்டான் லார்பி.

"போன வருஷமே ஆரம்பிச்சிடுச்சுப்பா. போகப்போக ரெண்டு கையும் சுத்தமா நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"என்ன சொல்றா?" என்று அசாபெயா அவன் தோளைத் தட்டிக் கேட்டாள். லார்பியின் கைகள் மடியைவிட்டு எழவே இல்லை. இந்தப் பாழாய்ப்போன பெட்டியைத் தொடாமலே இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கையை மேல எடு," என்று மகளிடம் சைகை செய்தாள். "மெதுவாப் பேசு. எவ்வளவு நேரமானாலும் நான் பார்க்கிறேன்."

மேசைக்கடியிலிருந்து ஒஃபோரிவாவின் கை மேலே வந்தது. கன்னத்தைத் தொட்டு, பாதியில் நின்றது. அசாபெயா தன் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோய், மீதிப் பெயரைத் தானே சொல்லி முடித்தாள்.