ராஜபார்ட் வேலாயுதத்தின் ரோஸ் நிற நோட்டீஸ்

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க அட்டன் டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில், பசை காயாத ஒரு போஸ்டர். 'இந்தியாவிலிருந்து நேரடியாக வருகை தரும்' என்று கொட்டை எழுத்தில் தொடங்கி, தாடி வைத்த ஒரு பாட்டுக்காரரின் படம் போட்டிருந்தார்கள். பார்த்ததும் வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பையன் நல்ல பாட்டுக்காரனாகத்தான் இருப்பான், அவன் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. 'இந்தியாவிலிருந்து' என்று தாளில் எங்கே பார்த்தாலும் எனக்கு இப்படித்தான். மாத்திரை வாங்காமலேயே வீட்டுக்கு வந்து, மருமகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பசை வாடையும் ஒரு காரணம். கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற பசை. இப்போது என்னத்தைக் கலக்குகிறார்களோ, வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. ஐம்பதுகளில் காசிம் நானாவின் அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாடை என் சட்டையை விட்டுப் போனதே இல்லை. காலால் மிதிக்கிற ஒரே ஒரு மெஷின். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா, எல்லாம் அதில்தான். எழுத்துப் பெட்டியில் 'ழ' எப்போதும் பற்றாக்குறை. அதனால் 'புகழ்' என்ற சொல்லை ஒரு நோட்டீசில் நான்கு தடவைக்கு மேல் போட முடியாது. நாடகக்காரர்களுக்கு இதில் பெரிய மனக்குறை.

நாடகக்காரர்கள் என்று யாரையோ சொல்வதுபோல் சொல்கிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு நாடக சபா இருந்தது. முதலில் எனக்கு ராணியின் தோழி வேஷம் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய கங்காணியே சிரித்துவிட்டார். அதோடு என்னைப் படுதாவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். கையில் நாடகக் கொப்பி, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிற வேலை. எனக்கும் அதுதான் தோதாக இருந்தது.

ராணியாக வந்தவர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற பிச்சமுத்து. கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையை முந்தானைக்குள் மறைத்தபடியே கடைசிக் காட்சிவரை ஓட்டிவிடுவார். ராணி வேஷத்துக்காக அவர் மீசையை எடுத்தால், அது வளருகிற வரைக்கும் அவர் பெண்சாதி அவரோடு பேசமாட்டாள். ராஜா, வேலாயுதம் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினடியில் வேலை. அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே அவருக்கு அப்படியொரு குரல் வந்துவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமலே மலையடிவாரத்து நல்லதண்ணியில், சிவனொளிபாத மலைக்கு ஏறவந்த கூட்டத்துக்கும் சீசன் கடைகளுக்கும் நடுவே மேடை போட்டு, அவர் வசனத்தைக் கடைசி வரிசைவரை கேட்கவைத்தோம்.

அவருக்கு எழுத்து வராது. கையெழுத்துப் போடுவார், அச்சில் தன் பெயரைக் கண்டால் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். வசனம் முழுக்க என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போனது. நான் அரை வரி சொல்லுவேன், அவர் திருப்பிச் சொல்லுவார். மேடையில் தடுமாறினால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் படுதாப் பக்கம் ஓட்டுவார். நான் முதல் சொல்லைக் கொடுப்பேன், மீதி இடிபோல வரும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரைக் கைவிட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் புரியும்.

எங்கள் சபா அட்டனில் மண்டபம் எடுத்து 'வாளெடுத்த வாரிசு' போடுவதென்று முடிவானது. அதற்கு முந்தின மாதம்தான் அக்கரை இந்தியாவிலிருந்து வந்த ஒரு நாடகக் கம்பெனி அதே மண்டபத்தை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. எங்களுக்கு யார் வருவார்கள் என்று எல்லோருக்கும் பயம். காசிம் நானாதான் வழி சொன்னார்.

"மகன், டிக்கோயா வேலாயுதம்னு போட்டா ஆரு வருவாங்க? இந்தியாவுல ஆடினவர்னு ஒரு வரி போடுங்க. எல்லாரும் போடுறதுதானே."

எல்லோரும் போடுவதுதான். ஆனால் நானா கேட்டது ஒரு வரி, நான் எழுதியது ஆறு வரி. 'மதுரை, திருச்சி மேடைகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் அதிரவைத்து, அண்மையில் கப்பலிறங்கியிருக்கும் ராஜபார்ட் எஸ். வேலாயுதம்' என்று ரோஸ் நிறத் தாளில் கோர்த்துத் தள்ளினேன். வேலாயுதம் அண்ணன் கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வாசித்துக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இம்புட்டுத் தூரம் போய்ட்டு வந்திருக்கேனா தம்பி? கால் வலிக்கவே இல்லையே!" என்றார். தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டார். மண்டபம் நிறைந்தது. நானும் எழுத்தாளனாகிவிட்ட மிதப்பில் கொஞ்ச நாள் திரிந்தேன்.

அந்த நாட்களில், பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் சனத்துக்கு எந்த நாட்டிலும் பெயர் இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். எப்போது கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள் என்பதே லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. தபால்காரரைக் கண்டாலே பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். இத்தனை வருஷம் விட்டுப் போகாமல் இந்த நாட்டிலேயே இருந்தேன் என்று தாள் காட்டி நிரூபிக்க வேண்டும். வேலாயுதம் அண்ணன் பிறந்தது எங்கள் லயத்தில்தான், ஆனால் பிறப்புப் பதிவு இல்லை. மீசை முளைத்த புதிதில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நாலு வருஷம் கொந்தராத்து ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தார். அங்கே ஆள் பெயர் பதிகிற செக்ரோலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்த நாலு வருஷத்தை நினைத்துத்தான் அவர் பெண்சாதி பாக்கியம் அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தார்.

வேலாயுதம் அண்ணனுக்கு விசாரணைக்குக் கடிதம் வந்தது. தெரிந்தவன், எழுத்து வாசனை உள்ளவன் என்று சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்து விண்ணப்பமும் அதே அதிகாரியிடம்தான் இருந்தது. எங்கள் முறை அடுத்த மாதம். அப்பா புறப்படும்போது வாசல்வரை வந்து, "கேட்டதுக்கு மட்டும் பேசு. அவரு மொகம் கோணுற மாதிரி ஒண்ணும் சொல்லிராத" என்று சொல்லி அனுப்பினார்.

காலை பத்து மணி. நீள வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். அண்ணனின் அப்பா பெயர், தோட்டம், தொழில் எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம் அந்த நாலு வருஷம் வந்தது.

"அந்த நாலு வருசமும் நீர் எங்க இருந்தனீர்? அத்தாட்சி ஏதும் இருக்கே?"

அண்ணன் மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார். தடுப்பூசிச் சீட்டு, அரிசிக் கூப்பன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவுத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே ரோஸ் நிறம் தெரிந்தது. 'பெயர் உள்ள தாள் எல்லாவற்றையும் கொண்டு வரவும்' என்ற கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்த ஒரே தாளும் அதுதான். அவரே அதை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"என் பேரு அச்சுல இருக்குங்க ஐயா."

மொழிபெயர்ப்பாளர் வாசிக்க வாசிக்க அதிகாரியின் பேனா நின்றது. "பத்து வருசம் மதுரையில இருந்தனீரெண்டு இதில கிடக்கு. உண்மையோ?"

வேலாயுதம் அண்ணன் வாயைத் திறந்தார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினார்.

எனக்கு வசனம் தெரியும். எழுந்து நின்றால் போதும். ஆனால் பொய்யை அச்சடித்தவன் நான் என்று சொன்னால், அடுத்த மாதம் இதே மேசையில் என் அப்பாவின் தாள்களை யார் நம்புவார்கள்? அப்பாவின் முகம் கண் முன்னால் வந்தது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். செருப்பின் வார் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவர் கண்ணை அதிகாரி பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் தானே ஒரு வசனம் பேசினார்.

"அது நாடகத்துத் தாளுங்க ஐயா. அதே தாள்ல என்னைய ராஜான்னும் போட்டிருக்குங்களே."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு நோட்டீசைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். என்னை ஒன்றுமே கேட்கவில்லை.

மாதக்கணக்கில் அந்தப் பதிலுக்காக நானும் தபால்காரரைப் பார்த்துப் பயந்தேன். கடைசியில் அண்ணனே கடிதத்தை அச்சகத்துக்குக் கொண்டு வந்தார், உறையைப் பிரிக்காமல். நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கி அரை வரி அரை வரியாகச் சொன்னேன். பழக்க தோஷம், அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "தொடர்ச்சியாக வசித்ததாக" என்றேன், "தொடர்ச்சியா வசிச்சதா" என்றார். "நிரூபிக்கப்படாததால்" என்றேன். அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நோட்டீசால்தானா என்று கடிதத்தில் இல்லை. அவரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பா கோயிலில் பொங்கல் வைத்தார், நான் அச்சகத்தில் வேலை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில், இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு எங்கள் சனத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். பிச்சமுத்து அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அட்டன் ஸ்டேஷன் முழுக்கத் தகரப்பெட்டியும் அழுகையும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அண்ணன் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"மதுரையில மேடை கெடைச்சா நோட்டீஸ்ல என்னான்னு போடுவாங்க தம்பி? இலங்கைப் புகழ்னு போடுவாங்களோ?"

சிரித்தேன். ரயில் அசைந்ததும் அவர் முகம் மாறியது.

"அங்க போயி எனக்கு யாருப்பா அடியெடுத்துக் குடுப்பா?"

கோத்தகிரியிலிருந்து, அண்ணனுக்காக யாரோ எழுதிக் கொடுத்த ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைதான், குளிர்தான், நாடகம் மட்டும் இல்லை என்று இருந்தது. 'எங்களை இங்கே சிலோன்காரர்கள் என்கிறார்கள்' என்றும் இருந்தது. காசிம் நானாவின் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். சபாவின் படுதா எங்கே போனதென்று கேட்கக்கூட ஆளில்லை.

அன்றைக்கு அந்த அறையில் நான் கொடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'அந்தப் பொய்யை எழுதியவன் நான், ஐயா.' போன வாரம் போஸ்டருக்கு முன்னால் நின்று அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். தடுமாறாமல் சொன்னேன். திருப்பிச் சொல்லத்தான் வேலாயுதம் அண்ணன் இல்லை.